தேய்ந்த வெள்ளி

நாற்பது டச் காசு என்றால் கடைவீதியில் யாரும் கை நீட்ட மாட்டார்கள். நூறு கிராமை உருக்கினால் நாற்பது கிராம்தான் வெள்ளி, மிச்சமெல்லாம் செம்பு. கொண்டுபோய் நீட்டினால் நகைக்கடைக்காரர்கள், "பாத்திரக் கடை அடுத்த தெருவுல" என்பார்கள். நாணயம் சேர்ப்பவர்களுக்கும் அது வேண்டாத காசு. ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாக அச்சடித்துத் தள்ளியது, எங்கும் கிடைப்பது.

அந்தக் காசை வாங்கி விற்றுப் பிழைத்தவர்கள் வீதியிலேயே இரண்டு பெண்கள்தான். ஒருத்தி அண்ணி. இன்னொருத்தி அவளுடைய நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கை. நாத்தனாருக்கு வீதி வைத்த பெயர் 'கணக்கு'. டீ வாங்கினால்கூட இதில் நுரை எத்தனை, டீ எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பாள். அண்ணியை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த பூட்டுக்கடைக்காரரும் அப்படித்தான்.

கடை என்பது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம். வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். ஒரு தராசு, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, பச்சைத் துணி ஒட்டிய ஒரு தட்டு. பழைய பேப்பர் எடுப்பவர்களும், வீடு காலி செய்பவர்களும், அலமாரிக்கு அடியில் கண்டெடுத்தவர்களும் கொண்டுவரும் காசை வாங்குவார்கள். அதே அளவில், அதே முகத்தோடு, வெள்ளியே இல்லாத காசும் பின்னாளில் வந்திருந்தது. அதனால் ஒவ்வொன்றாக வருஷம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பளிச்சென்று இருப்பவற்றைச் சேகரிப்பவர்களிடம் தனித்தனியாக விற்பார்கள். மற்றதை மூட்டை சேரும்வரை வைத்திருந்து உருக்காலைக்கு அனுப்புவார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே நூலிழை இடைவெளி. அந்த இழையில்தான் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது என்று அண்ணன், அதாவது அண்ணியின் வீட்டுக்காரர், சொல்வார். அவர் வேன் ஓட்டுபவர்.

ஒருநாள் காலையில் ஒருவர் வந்து பச்சைத் தட்டில் ஒரு காசை வைத்தார். எழுபது வயது இருக்கும். நல்ல உயரம். வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை நீங்க எடுப்பீங்கன்னு சொன்னாங்க."

கணக்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. தலையும் இல்லை, எழுத்தும் இல்லை, வருஷமும் இல்லை. கூழாங்கல் மாதிரி வழவழவென்று, லேசாகச் சிவந்து கிடந்தது.

"எடுப்போம். எவ்வளவு இருக்கு?"

"தெரியலைம்மா. ஒரு ரூம்."

கணக்கு சிரித்துவிட்டாள். "ரூம்னா?"

"ரூம்னா ரூம்தான். நாலு செவுரு, ஒரு கதவு. கதவு இப்போ முழுசா திறக்காது."

அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு இருவரும் அவர் பின்னால் போனார்கள். தரைத்தளத்தில் கடைசி வீடு. பின்கட்டு அறைக் கதவை அவர் தோளால் தள்ள, அது பாதி திறந்து நின்றுவிட்டது. அண்ணி முதலில் பக்கவாட்டில் நுழைந்தாள். உள்ளே ஜன்னல் இல்லை. அவர் கையை மட்டும் உள்ளே விட்டு விளக்கைப் போட்டார்.

பிஸ்கட் டின்கள், சோப்புப் பெட்டிகள், பெயிண்ட் வாளிகள், சிமெண்ட் சாக்குகள். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அடியில் இருந்த டின்கள் மேல் பாரம் தாங்காமல் வயிறு வெடித்து, காசு வழிந்து, தரை தெரியாமல் பரவியிருந்தது. நடு அறையில் தரை ஓடுகள் குழிந்துபோயிருந்தன. அண்ணி கால் வைத்ததும் காசுகள் சரிந்து சலசலவென்று ஓடின. அந்தச் சத்தம் அவள் காலடியில் தொடங்கிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. வாழ்நாளில் அவள் வாங்கியதை எல்லாம் சேர்த்தாலும் இந்த அறையில் ஒரு மூலைக்குக் காணாது.

"கணக்கு, உள்ள வா," என்றாள்.

கணக்கு வந்து பார்த்தாள். "இதை யார் சேர்த்தாங்க ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

"யாரும் சேர்க்கலை. மெஷின் சேர்த்துச்சு."

அவர் எடைக்காரர். ஊரில் இருந்த ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடை காட்டும் மெஷின்கள் அத்தனையும் ஒரு காலத்தில் அவருடையவை. ஆள் உயர இரும்புப் பெட்டி. ஏறி நின்று காசைப் போட்டால் உள்ளே சக்கரம் சுற்றி, எடை அச்சிட்ட அட்டை வந்து விழும். இந்தக் காசுக்கென்று செய்த வாய் அது. பிறகு அரசாங்கம் வெள்ளிக் கலப்பை நிறுத்திவிட்டு லேசான காசு அடித்தது. மெஷின் அதை ஏற்கவில்லை.

"புதுக் காசைப் போட்டா அப்படியே துப்பிடும்மா. எல்லா மெஷினுக்கும் வாயை மாத்தணும்னா என் வீட்டை விக்கணும். அதனால என்ன பண்ணேன், இருந்த பழைய காசை எல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் பத்திரிகைக் கடைக்காரங்ககிட்ட குடுத்து வெச்சேன். எடை பார்க்க வர்றவங்க புதுக் காசைக் குடுத்துட்டு பழைய காசை வாங்கிப்பாங்க. மெஷின்ல போடுவாங்க. சாயங்காலம் நான் பெட்டியைத் திறந்து எடுத்து மறுபடியும் கடையில குடுத்துடுவேன். என் காசை நானே வித்து நானே வாங்கிக்கிட்டேன்."

"எவ்வளவு நாள்?"

"முப்பது வருஷத்துக்கு மேல."

அண்ணி ஒரு பிடி அள்ளினாள். அவற்றின் வழவழப்பு இப்போதுதான் புரிந்தது. ஊரெல்லாம் சுற்றிப் பலதும் வாங்கித் தேய்ந்த காசு இல்லை இவை. கையிலிருந்து மெஷின் வாய்க்கு, வாயிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து மறுபடியும் கைக்கு. அந்த நாலடிப் பாதையிலேயே முப்பது வருஷம் நடந்து முகம் தேய்ந்தவை.

"இதுல வெள்ளி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? இதைப் போட்டா மெஷின் ஓடும். அதுதான் தெரியும். இப்போ வீட்டுக்கு வீடு எடை மெஷின் வந்துடுச்சு. என் மெஷினை எல்லாம் இரும்புக்குப் போட்டாச்சு, காசு மட்டும் இந்த ரூமுக்கு வந்துடுச்சு. மக வீட்டுக்குக் குடிபோறேன். காலி பண்ணணும்."

கணக்கு அதற்குள் அண்ணியின் முழங்கையைக் கிள்ளினாள். "அண்ணி! வருஷமே தெரியலை, எப்படிப் பிரிக்கறதுன்னு பயந்துட்டேன். பிரிக்கவே வேண்டாம். வெள்ளி இல்லாததை மெஷின் துப்பிடுச்சு. இந்த ரூம்ல இருக்கிறது அத்தனையும் நாற்பது டச்!"

நேர்மையாகவே விலை சொன்னார்கள். எண்ணிக்கையில் வாங்காமல் எடையில் வாங்குவதால், தேய்ந்து போனதற்கு அதுவே கழிந்துவிடும் என்பது கணக்கின் கணக்கு. கடையில் இருந்த முதல் முழுவதையும் போட வேண்டியிருந்தது. அண்ணன், "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வேனோட வித்துடாதீங்க" என்றாலும், சாக்கு தூக்க அவரே முதலில் வந்து நின்றார்.

எடை போட்டு முடிக்க மூன்று நாள் ஆயிற்று. எடைக்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சாக்கும் தராசில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை காலம் இதுங்க ஜனங்களை எடை போட்டுச்சு. கடைசியில இதுங்களையும் ஏத்திட்டீங்களே," என்றார். பிறகு, "இதை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"உருக்கி வெள்ளியைத் தனியா பிரிப்பாங்க ஐயா."

"செம்புக்குள்ள கலந்து கிடக்கறதையா? அது எப்படிப் பிரியும்?"

இத்தனை வருஷத்தில் அண்ணி உருக்காலையின் வாசல் தராசைத் தாண்டி உள்ளே போனதில்லை. காசைக் கொடுப்பாள், சீட்டை வாங்குவாள், வந்துவிடுவாள். விற்கும் பொருள் என்ன ஆகிறது என்று தெரியாமலேயே விற்றிருக்கிறோமே என்று அன்றுதான் தோன்றியது.

"நானும் வரலாமா?" என்றார் எடைக்காரர்.

"எல்லாரும் போவோம்," என்றாள் அண்ணி.

உருக்காலை ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. வேன் பின்பக்கம் தாழ்ந்து, மேடு ஏறும்போது முக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. சரக்கின் அளவைப் பார்த்துவிட்டு மேலாளர் அவர்களை உள்ளே வரச் சொன்னார். ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும்படி சொன்னாள்.

சாக்குகளை அவிழ்த்துக் கொப்பரையில் கொட்டினார்கள். அடிப்பக்கம் சிவந்தது. மேலே கிடந்த காசுகள் கடைசிவரை காசாகவே இருந்தன. பிறகு ஒரு கணத்தில் ஓரம் மெலிந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, அப்படியே அமிழ்ந்துபோயின. சுடரின் விளிம்பில் பச்சை எழுந்தது. அது செம்பு என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண். கொப்பரைக்குள் தெரிந்த வெளிச்சத்துக்கு ஒரு பெயர் சொல்ல அண்ணியால் முடியவில்லை. மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. மேற்பரப்பு தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது, உயிருள்ள ஒன்று புரண்டு படுப்பதுபோல. ஒரு தொழிலாளி நீண்ட கரண்டியால் கலக்கி, ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டார். சொர்ரென்று ஒரு மணி உருண்டது. அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

"முடிவு வர நேரமாகும். வாங்க, எப்படிப் பிரிப்போம்னு சின்னதா காட்டறேன். யார்கிட்டயாவது அந்தக் காசுல ஒண்ணு இருக்கா?" என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண்.

எடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் புகை உறிஞ்சும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரு குடுவையில் அமிலத்தை ஊற்றி, இடுக்கியால் காசை உள்ளே விட்டாள். காசு பொங்கியது. பழுப்பு நிறப் புகை சுருள் சுருளாக எழுந்து விசிறிக்குள் போயிற்று. தண்ணீரில் முதலில் ஒரு பச்சைக் கோடு ஓடியது, பிறகு நீலம். காசு மெல்லிய இலையாகி, இலை ஓட்டையாகி, ஒன்றுமில்லாமல் போயிற்று. குடுவையில் நிர்மலமான நீலத் தண்ணீர்.

"போச்சே," என்றார் எடைக்காரர்.

"எங்கயும் போகலை சார். வெள்ளியும் செம்பும் ரெண்டும் இதுக்குள்ளதான் இருக்கு."

"இது வெறும் தண்ணிம்மா. அந்தப் பக்கம் நிக்கிற நீ தெரியறே!"

அவள் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு செம்புக் கம்பியை வளைத்து உள்ளே தொங்கவிட்டாள். "இப்போ யாரும் மேஜையை ஆட்டாதீங்க."

கம்பி முதலில் கறுத்தது. பிறகு அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை மாதிரி ஏதோ படர்ந்தது. கணக்கு, "அழுக்கா?" என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. அந்தப் பூஞ்சையின் நுனியில் ஒரு ஊசி மின்னியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஊசியிலிருந்து கிளை பிரிந்தது, கிளையிலிருந்து இலை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், வெறும் நீலத் தண்ணீரிலிருந்து வெள்ளி வளர்ந்துகொண்டிருந்தது. இறகு இறகாக, தூய வெண்மையாக. பாரம் தாங்காத கிளை ஒன்று முறிந்து மெதுவாகச் சுழன்று கீழே இறங்கியது. அது விட்ட இடத்தில் மறுபடியும் ஊசி முளைத்தது.

அண்ணி மூச்சுவிடவும் பயந்து நின்றாள். அலமாரிக்கு அடியிலிருந்தும் குப்பைக் கூடையிலிருந்தும் வந்த காசு. எவனும் சீந்தாத காசு. அதற்குள் இது இருந்திருக்கிறது. அவள் கண்கள் தாமாக நிறைந்தன. வெட்கமாக இருந்தது, பக்கத்தில் பார்த்தால் அண்ணனும் கண்ணாடியைத் தூக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பியில இருக்கிற செம்பு தண்ணிக்குள்ள இறங்கிடும். அது இறங்கற இடத்துல வெள்ளி வெளிய வந்துடும்," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "தினமும் பார்க்கறேன். எனக்கும் இன்னும் சலிக்கலை."

சோதனை முடிவு வந்தபோது அந்தக் குடுவையை விட்டு யாரும் நகர்ந்திருக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்த கணக்கின் முகம் மாறியது.

"முப்பத்தேழரையா? நாற்பதுல்ல வரணும்?"

"மூணு தடவை பார்த்தாச்சு மேடம்."

"வேற காசு ஒண்ணுகூடக் கலக்கலைங்க. மெஷின் பிரிச்ச காசு இது!"

இரண்டரை டச் என்பது கேட்பவருக்குச் சின்ன விஷயம். நூலிழையில் நடக்கும் வியாபாரத்தில் அந்த இழையே அதுதான். வேன் செலவு போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. கணக்கு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

ஆய்வுக்கூடத்துப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். "காசெல்லாம் ரொம்பத் தேய்ஞ்சிருந்ததா?"

"முகமே இல்லை. ஆனா தேய்மானம் எடையிலயே கழிஞ்சிடுச்சே."

"எடை கழிஞ்சிடும் மேடம். ஆனா தேய்ஞ்சு போனது எந்தப் பாகம்? முத்திரை அடிக்கறதுக்கு முன்னாடி வெறும் தகடை அமிலத்துல போட்டு வேகவைப்பாங்க. மேலாக இருக்கிற செம்பு கரைஞ்சு, வெள்ளி மட்டும் தோல் மாதிரி நிக்கும். அதனாலதான் இந்தக் காசு புதுசுல வெள்ளை வெளேர்னு இருந்தது. தேயும்போது முதல்ல போறது அந்தத் தோல்தான். உங்ககிட்ட வந்தது உள்ள இருந்த சதை."

கணக்கு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். அந்தக் காசு சிவந்திருந்ததை முதல் நாளே கண்ணால் பார்த்தவள் அவள்.

ஆனால் அண்ணி கேட்டது வேறு. "அப்போ அந்தத் தோல் எங்க போச்சு?"

"அது... தேய்ஞ்ச இடத்துலதான் இருக்கும். கையில, பையில, மெஷின் வாயில."

எடைக்காரர் தன் வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"முப்பது வருஷம்," என்றார். "ஸ்டேஷன் போர்ட்டருங்க சம்பளத்தன்னிக்கு எடை பார்ப்பாங்க. கல்யாணம் நிச்சயமான பொண்ணுங்க ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கிட்டு வருவாங்க, அட்டையைக் காட்டாம மடிச்சு வெச்சுக்குவாங்க. கைக்குழந்தையோட வர்றவங்க ரெண்டு காசு போடுவாங்க. குழந்தையோட ஒரு தடவை, பக்கத்துல நிக்கறவங்ககிட்ட குழந்தையைக் குடுத்துட்டு ஒரு தடவை. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் வருவார், வாரா வாரம். எடை குறைஞ்சுக்கிட்டே போச்சு. அப்புறம் வரலை." அவர் நிறுத்தினார். "எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருக்காங்களா? வெள்ளியை?"

"கண்ணுக்குத் தெரியாத அளவு, சார்."

"ஆனா எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"ஆமா சார்."

குடுவைக்குள் வளர்ந்ததைவிட இது பெரிதாக இருந்தது அண்ணிக்கு. இரண்டரை டச், அத்தனை சாக்கிலும். அவ்வளவு வெள்ளி எந்தக் கொப்பரைக்கும் வராமல், ஒரு ஊர் ஜனத்தின் விரல் நுனியில் ஏறி, தோசைக்கல்லோ தொட்டிலோ கதவுத் தாழ்ப்பாளோ, அவர்கள் தொட்டதெல்லாவற்றிலும் படிந்து கிடக்கிறது. அதை ஒருவராலும் திரும்ப வாங்க முடியாது, விற்கவும் முடியாது.

பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வேன் பாரமில்லாமல் துள்ளிக்கொண்டு போயிற்று. பாதி வழியில் எடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நாற்பதுன்னு நெனச்சு விலை போட்டீங்க. என் காசு அவ்வளவு இல்லை. குறைஞ்சதை நான் திருப்பித் தந்துடறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் ஐயா," என்றாள் அண்ணி.

"அண்ணி, நீங்க சும்மா இருங்க," என்றாள் கணக்கு. "பாதி வாங்கிக்கறேன் ஐயா. சிவப்பைப் பார்த்தும் யோசிக்காதது என் தப்பு, அது பாதி. மீதி உங்க ஜனங்க எடுத்துக்கிட்டுப் போனது."

எடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் வேனை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பாதியில்தான் அவர்களுடைய அந்த வருஷத்து லாபம் நின்றது. பெரிசாக இல்லை, ஆனால் நின்றது. அதன் பிறகு தேய்ந்த காசு வந்தால் விலையில் குறைத்தே போட்டார்கள். காரணம் கேட்பவர்களை உட்காரவைத்துக் கணக்கே விளக்குவாள், டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல்.

அன்றைக்குப் பெரிய ரயில் நிலையத்தைத் தாண்டும்போது எடைக்காரர் இறங்கிக்கொள்வதாகச் சொன்னார். மூவரும் அவரோடு இறங்கினார்கள். அலுவலகம் விடும் நேரம். ஒரு ரயில் வந்து நின்று, வாசல் வழியாகக் கூட்டம் பொங்கி வந்தது. பையை மாற்றித் தோளில் போடுகிறவர்கள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள், தூங்கிவிட்ட பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே நடக்கிறவர்கள். நால்வரும் தூணோரமாக ஒதுங்கி நின்றார்கள். கூட்டம் அவர்களை உரசிக்கொண்டு போனது.

அண்ணி அவர்கள் முகங்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.